நாங்களும் கேட்போம்

நவம்பர் 12, 2024, செவ்வாய்

வேன் இன்று பதினொன்றேகாலுக்குத்தான் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள், பதினான்கு பேர். மதுரையில் கோயில் பார்த்துவிட்டுக் கொடைக்கானல் போகிற வழி. வழக்கம்போலக் கண்மாய்க்கரையில் அரை மணி நேரம் நடந்தார்கள். பிறகு காலனிக்குள் வந்து என் வீட்டு முன்னால் பந்தலில் சாப்பாடு. வாழைப்பூப் பொரியலை மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். மிளகுக்குழம்பை யாரும் தொடவில்லை. அடுத்த முறை வேண்டாம்.

இது மூன்றாவது சீசன். தங்கப்பொண்ணு அக்கா மகன் பாலிடெக்னிக் போகிறான். தாமரைச்செல்வி வீட்டில் கழிப்பறை கட்டியாயிற்று. எங்கள் மகளிர் குழுவில் எட்டுப் பேர், எட்டு வீட்டிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. எங்கோ விமானம் ஏறுகிறவர்களால் இந்தத் தெருவில் கூரை மாறும் என்று பத்து வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நவம்பர் 15, வெள்ளி

வேன் கிளம்பிய பிறகும் அருண்பாண்டி பந்தலிலேயே உட்கார்ந்திருந்தார். டூர் கம்பெனியின் மதுரை மேனேஜர். முப்பது வயது இருக்கும், எல்லோரையும் அக்கா என்பார், கெட்ட ஆள் இல்லை. ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

போனைத் திறந்து வாசித்துக் காட்டினார். போன சீசனில் வந்தவர்கள் இணையத்தில் எழுதியது. சாப்பாடு அருமை. பெண்கள் அன்பானவர்கள். ஆனால் கிராமம் கிராமம் மாதிரி இல்லை, வீட்டுக்குள் வாஷிங் மெஷின் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

ஸ்கூட்டியைப் பின்பக்கம் நிறுத்த வேண்டுமாம். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் விரிக்க வேண்டும். நைட்டி கூடாது. வேன் வரும் நேரத்தில் விறகடுப்பு. டிஷ் ஆன்டெனாவை ஏதாவது துணி போட்டு மூட முடியுமா? அப்புறம் நடவு. ஊருக்குள் ஒருவருடைய வயலைக் கம்பெனி இந்த சீசனுக்கு எடுத்திருக்கிறது. வேன் வந்ததும் எட்டுப் பேரும் வரிசையாகக் குனிந்து இருபது நிமிடம் நாற்று நட வேண்டும். குலவை போட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக, வாசல் அறைச் சுவரைப் பார்த்தார்.

"அந்தப் படத்த மட்டும் உள்ள மாட்டிக்கிருங்கக்கா. அவங்க கேள்வி கேப்பாங்க."

அம்பேத்கர் படம். என் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கித் தந்தது.

படம் எங்கேயும் போகாது என்றேன். மற்றதைக் குழுவில் பேசிச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 16, சனி

கூட்டம். ஐந்துக்கு மூன்று. தோற்றேன்.

நான் செயலாளர்தான். ஆனால் தங்கப்பொண்ணு அக்கா பேசினால் அதற்குமேல் பேச்சில்லை. வயல்வேலையில் அவருக்கு நிகரான ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. முன்னால் நூறு பெண்களை வரிசை கட்டி நடவு நடத்தியவர்.

"குனிஞ்சு நிமிந்தா நம்மளுக்குச் சோறு. நிமிந்தே நிக்கணும்னா நீ நில்லு மீனா. எம்மகனுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு கெடக்கு."

எந்த வயல் என்று மட்டும் கேட்டேன். சொன்னார். எனக்குத் தெரிந்த வயல்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று குனிந்தேன். எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 20, புதன்

எழுதிவிடுகிறேன்.

அது என் அம்மா இருபத்தாறு வருடம் கூலிக்கு நட்ட வயல். கூலி நெல்லை எட்ட நின்று முந்தானையில் கொட்டுவார்கள், கை பட்டுவிடக் கூடாதே என்று. ஆறு வயதில் நான் அந்த வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மா ஒருநாள்கூட என்னை அதில் இறங்க விட்டதில்லை. படி, படி, படி. படித்தேன். பி.எஸ்சி. கணக்கு. சாயங்காலம் பத்தொன்பது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்.

நேற்று அந்த வயலில் இறங்கினேன். சேற்றில் கால் வைத்தது கூசவில்லை. சேறு என்ன செய்தது? வரப்பில் பதினாறு கேமரா. கம்பெனிப் பையன் ஒருவன் பின்னாலிருந்து, "இன்னும் கொஞ்சம் குனிங்கக்கா, மூஞ்சி தெரியுது" என்றான். மூஞ்சி தெரியக் கூடாதாம்! முதுகுதான் வேண்டுமாம்.

அரைக்கால் சட்டையோடு ஒருவர் இறங்கி மூன்று நாற்று நட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பாவம், நல்ல மனிதர், மூன்றையும் கோணலாக நட்டார். நடக்கத் தெரியாத குழந்தை மாதிரிச் சிரித்தார். அவர்மேல் எனக்கு என்ன கோபம்? அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதுதான் உறுத்துகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

வயல். சாப்பாடு. இருபத்திரண்டு பேர்.

அவர் (என் வீட்டுக்காரர் சிவக்குமார்) குட்டியானை வண்டியில் வாடிப்பட்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டு வயல் வழியாகத்தான் போயிருக்கிறார். என்னைப் பார்த்தும் ஹாரன் அடிக்கவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

வயலில் இருந்து கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விருந்தாளிகள் எனக்கு முன்னால் வந்து வாசல் அறையில் நிற்கிறார்கள். சுவரில் படம் இல்லை. இல்லை, இருந்தது. அதன்மேல் ஒரு லட்சுமி காலண்டரை மாட்டியிருக்கிறார்கள். கம்பெனிப் பையன் வேலை. என் வீட்டில், நான் இல்லாத நேரத்தில், என்னைக் கேட்காமல்.

நேராகப் போய்க் காலண்டரைக் கழற்றினேன். சத்தம் போடவில்லை. சுருட்டி அந்தப் பையன் கையில் கொடுத்தேன்.

வயதான ஓர் அம்மாள் படத்தைக் காட்டிக் கைடு ஜெனியிடம் ஏதோ கேட்டார். ஜெனி மதுரைக்காரர். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படித்து, ஒரு சிஸ்டரிடமே பிரெஞ்சு கற்றுக்கொண்டவர். இருபது வருடமாக இதே தொழில். அவர் அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க மீனா. நான் அப்படியே சொல்றேன்."

சொன்னேன். படத்தில் இருப்பவர் யார், எங்களுக்கு அவர் என்ன செய்தார் என்று. பிறகு நிறுத்த முடியவில்லை. காலையில் நீங்கள் படம் எடுத்த வயலில் என் அம்மா எப்படி வேலை செய்தார், கூலியை எப்படி வாங்கினார் என்று சொன்னேன். அவர் குனிந்தது நான் குனியக் கூடாது என்பதற்காக. இன்று உங்களுக்காக நடித்தேன். இது என் வேலை இல்லை, கணக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. பாய்க்கு அடியில் டைல்ஸ் இருக்கிறது, தூக்கிப் பாருங்கள். வாஷிங் மெஷின் இருக்கிற இதுவும் கிராமம்தான்.

ஜெனி ஒவ்வொரு வாக்கியமாகப் பிரெஞ்சில் சொன்னார். நிறுத்தவில்லை.

யாரும் கைதட்டவில்லை. அந்த அம்மாள் குனிந்து பாயின் ஓரத்தை உண்மையாகவே தூக்கிப் பார்த்தார். ஒருவர் எங்களுக்கு இப்போது நிலம் இருக்கிறதா என்று கேட்டார். அரை ஏக்கர் என்றேன். கடைசியில் நின்ற ஒரு பெண்ணுக்குக் கோபம். விடுமுறைக்கு வந்த இடத்தில் எதற்கு இதெல்லாம் என்று கேட்டாராம். அதையும் ஜெனி ஒளிக்காமல் எனக்குச் சொன்னார்.

வேன் முக்கால் மணி தாமதம்.



டிசம்பர் 2, திங்கள்

அருண்பாண்டி போன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அக்கா, அவங்க அம்புட்டு தூரத்துலருந்து சந்தோசமா இருக்கத்தான் வாராங்க. அவங்கள எதுக்கு அழ வைக்கிறீங்க?"

அவர்கள் அழவில்லை தம்பி, கேட்டார்கள், அவ்வளவுதான் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். நாளை முதல் வேன் வராது. ஆறு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊர் பார்த்தாயிற்று. ஜெனியையும் கம்பெனி பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

ஜெனியை ஏன்? அவர் மொழிபெயர்த்தார். அது குற்றமா?

டிசம்பர் 3, செவ்வாய்

கூட்டம் என்று கூப்பிட்டேன். தாமரைச்செல்வி மட்டும் வந்தாள்.

தங்கப்பொண்ணு அக்கா குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "அவளுக்குப் புருசன் வண்டி ஓட்டுறான், டியூசன் இருக்கு. ரோசம் வரும். எனக்கு வருமா?" என்றார். என்னிடம் சொல்லவில்லை. தண்ணீரிடம் சொன்னார்.

அவர் சொன்னது தப்பா? எட்டுப் பேர் சோற்றில் நான் ஒருத்தி கை வைத்திருக்கிறேன். தப்பில்லை. ஆனால் நான் செய்ததும் தப்பில்லை. இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

காலை எட்டு மணிக்குக் கம்பெனி ஜீப் வந்தது. தங்கப்பொண்ணு அக்காவையும் இன்னும் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது, அந்த ஊருக்கு. அங்கே உள்ள பெண்களுக்கு வரிசையாக நடத் தெரியவில்லையாம்.

அக்கா என் வீட்டைத் தாண்டும்போது முன்னால் பார்த்துக்கொண்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஜெனி பூசை முடிந்து டவுன் பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு பொட்டலம் கேக். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் அவரே சொன்னார்: "இருபது வருசமா ஒரே வாக்கியத்தச் சொல்லிக்கிட்டு இருந்தேன் மீனா. ஏழைகளா இருந்தாலும் சந்தோசமா இருக்காங்கன்னு. அன்னைக்கு அதச் சொல்லல. நல்லாத்தான் இருந்துச்சு."

தாமரைச்செல்வியும் இருந்தாள். மூன்று பேரும் மத்தியானம் முழுக்கப் பேசினோம். கம்பெனி இல்லாமல் நாமே கூப்பிட்டால் என்ன? வேன் வேண்டாம், நாலைந்து பேர் போதும். வயல் கிடையாது, பாய் கிடையாது. ஒரே நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர்கள் முதலில், நாங்கள் பிறகு என்று இல்லை.

இணையத்தில் போட ஜெனி பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் எழுதினார். எழுதும்போது தாமரைச்செல்வி, "எப்பப் பாத்தாலும் அவுகளே கேக்குறாக. நம்மளும் கேக்கணும்க்கா" என்றாள்.

அதையும் சேர்த்தோம். நீங்கள் எங்களிடம் எதையும் கேட்கலாம். நாங்களும் கேட்போம்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஒருவரும் எழுதவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

இன்றும் இல்லை. ஜெனி கிறிஸ்துமஸ் வேலைக்கு நடுவிலும் தினம் மெயில் பார்க்கிறார்.

வீட்டுக்காரர் கேட்டார், இது நடக்குமா என்று. தெரியாது என்றேன். "நடக்கலேன்னா?" என்றார். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை, மறுபடி அந்த வயலில் குனிய மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உன்னையப் பாத்துட்டு ஹாரன் அடிக்காமப் போனேன்ல. அடிச்சா நீ நிமிந்து பாப்ப. எனக்கு அது தாங்காது."

டிசம்பர் 30, திங்கள்

வந்துவிட்டது! பெல்ஜியம். கணவன், மனைவி, இரண்டு பேரும் நர்சுகள். ஜனவரி ஏழு.

ஜனவரி 4, 2025, சனி

போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களை வீட்டில் தங்க வைக்கிறேனாம்.

குழுவின் பதிவுப் புத்தகம், உணவுக்கு வாங்கிய பதிவுச் சான்று, என் ஆதார், எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். தங்கவில்லை சார், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றேன். சாப்பாடு போட யார் அனுமதி கொடுத்தது என்று எஸ்.ஐ. கேட்டார்.

"மூணு வருசமா வேன்ல வந்து சாப்பிட்டாங்க சார். அப்ப யாரும் கேக்கல. இப்ப பஸ்ல வாராங்க, அம்புட்டுத்தான் வித்தியாசம்."

அவர் தாளைப் புரட்டினார். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு, தங்க வைத்தால் மட்டும் முறையாகத் தகவல் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சரி சார் என்றேன். அது சட்டம், அதற்குக் கட்டுப்படுவேன்.

வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். தனியாக நின்று கடையில் டீ குடிப்பது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் தோன்றியது.

ஜனவரி 7, செவ்வாய்

இரண்டே பேர். சமைத்தது ஜீப்பில் போகாத நாங்கள் மூன்று பேர். ஜெனி அவர்களை டவுன் பஸ்ஸில் அழைத்துவந்தார். கூட்டத்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள்.

வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர்கள் டியூஷன் பற்றிக் கேட்டார்கள். பிறகு எங்கள் முறை. தாமரைச்செல்வி கேட்டாள், உங்கள் ஊரில் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. அந்தப் பெண்தான் பதில் சொன்னார். அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறாராம். இவர் நாள் முழுக்க மற்றவர்களின் அம்மாக்களைக் குளிப்பாட்டுகிறாராம், தன் அம்மாவை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடிகிறதாம். இதை இந்தியாவில் யாரும் என்னிடம் கேட்டதில்லை என்றார்.

தாமரைச்செல்வி அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஜனவரி 17, வெள்ளி

நேற்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. ரோட்டில் கம்பெனி வேன்களாகப் போனது. எங்களுக்கு இந்த வாரம் யாரும் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

தங்கப்பொண்ணு அக்கா வந்தார். முழங்கால் வரை காய்ந்த சேறு. ஜீப்புக்குக் காத்திருக்காமல் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஒன்றரை மாதம் கழித்து என் வீட்டுப் படியேறுகிறார். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை.

"நட்ட நாத்தப் பிடுங்கச் சொல்றான் மீனா."

எனக்கு முதலில் புரியவில்லை. நடவுக் காலம் முடிந்துவிட்டது, நாற்றங்காலில் நாற்று இல்லை. ஆனால் வேன் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஒரு வேன் போனதும் நட்டதையெல்லாம் பிடுங்கிக் கட்டி வைத்து, அடுத்த வேனுக்கு அதையே மறுபடி நட வேண்டும். மூன்று வாரமாக அதே நாற்று. வேர் அறுந்து, மஞ்சளாகி, நிற்கவே மாட்டேன் என்கிறது. இன்று அக்கா பிடுங்க மாட்டேன் என்றிருக்கிறார். கம்பெனிப் பையன், "பிளாஸ்டிக்ல வாங்கிப்பிடலாம்" என்று சிரித்திருக்கிறான்.

"உன்னைய மாதிரி ரோசத்துல வரல. குனியிறது எனக்கு ஒண்ணும் இல்ல, சாகுற வரைக்கும் குனிவேன். வெளையாத நாத்த நட மாட்டேன். அது எனக்கு ஆகாது."

அப்போதும் உட்காரவில்லை. அடுத்து எப்போது ஆள் வருகிறார்கள் என்று கேட்டார். சனிக்கிழமை நான்கு பேர் என்றேன். பணியாரத்துக்கு உளுந்தை நீ எப்போதும் அதிகம் போடுகிறாய், நான் வந்து அரைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நாளைக்குப் பதினோரு மாணவர்கள் வருவதாக இருந்தது. எங்களுடைய பெரிய கூட்டம். காலையில் ஜெனி போன். எங்கேயோ வழியில் வான்வழியை மூடிவிட்டார்களாம், விமானங்கள் ரத்தாம், சென்னை வரவே முடியாதாம். பதினோரு பேருக்கு மாவு அரைத்தாயிற்று.

அக்காவோடு போன நால்வரும் திரும்பிவிட்டார்கள், எட்டுப் பேரும் பந்தலில் உட்கார்ந்தோம். ஏழு கடல் தாண்டி எவனோ எவனுக்கோ வழி மறித்தால் என் வீட்டு மாவு புளிக்கிறது. இது என்ன பிழைப்பு?

நான்தான் ஆரம்பித்தேன். கம்பெனியை விட்டோம், இப்போது விமானத்தைப் பிடித்துத் தொங்குகிறோம் என்றேன். மதுரையில் ஆள் இல்லையா? தூத்துக்குடியில், திருச்சியில் இல்லையா? அவர்கள் மட்டும் நம் தெருவைப் பார்த்துவிட்டார்களா? தங்கப்பொண்ணு அக்கா, "இங்கிட்டு உள்ளவக நம்ம வீட்டுல சாப்புடுவாகளா?" என்றார். எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி அதுதான். வெளிநாட்டுக்காரருக்கு எங்கள் தெரு எது என்று தெரியாது. இங்குள்ளவருக்குத் தெரியும்.

"சாப்புடுறவக வரட்டும்" என்றேன். "பலகை வச்சுத் தெருப் பேரோடயே எழுதுவோம்."

மாவைப் பணியாரமாகச் சுட்டு டியூஷன் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். இன்று கணக்கு நடக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஜெனி, கூட அவர் படித்த பள்ளியின் ஆசிரியைகள் ஆறு பேர். அம்பேத்கர் காலனி என்று எழுதிய பலகையைக் கடந்துதான் வந்தார்கள். ஒருவர் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார். உண்மையாகவும் இருக்கலாம். ஐந்து பேர் சாப்பிட்டார்கள். அதில் இருவர் குழம்பில் உப்புக் குறைவு என்று தைரியமாகச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர்கூட மூன்று வருடத்தில் அதைச் சொன்னதில்லை.

மார்ச் 7, வெள்ளி

அருண்பாண்டி வந்தார், பைக்கில், தனியாக. மெலிந்திருக்கிறார். அந்த ஊரில் வயலுக்குள் இறங்க இப்போது இரண்டு பேர்தான் சம்மதிக்கிறார்களாம். எங்களைப் பற்றி யாரோ நன்றாக எழுதியிருக்கிறார்களாம், பிரான்சில் இருந்தே கம்பெனியிடம் கேட்கிறார்களாம். பழையபடி செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வேன் அனுப்புகிறோம், வயல் வேண்டாம், வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம், நீங்கள் எப்படிச் செய்கிறீர்களோ அப்படியே என்றார்.

நான் பந்தலுக்கு வெளியே மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பேசியது தங்கப்பொண்ணு அக்கா.

"செவ்வா அனுப்புங்க. வர்ற வெள்ளி முடியாது தம்பி. வெள்ளிக்கு ஆள் இருக்கு."

எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர் என்றார் அக்கா. வண்டியூரில் இருந்து ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரும் அவர் மனைவியும்.

"அக்கா, ரெண்டு பேருக்காகப் பதினாலு பேர வேணாங்குறீங்களா?"

"அவுகதான மொதல்ல கேட்டாக. தேதி குடுத்தாச்சு."

பிறகு அக்காவே, செவ்வாய்க்கிழமை ஜெனிதான் கைடாக வர வேண்டும் என்றார். நாங்களும் கூடவே உட்காருவதால் பந்தலில் பதினாலு பேருக்குமேல் இடமில்லை, அதற்குமேல் அனுப்பக் கூடாது என்றார். தாமரைச்செல்வி நோட்டில் ஒவ்வொன்றாக எழுதி அவர் பக்கம் திருப்பிவைத்தாள். அருண்பாண்டி இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

என்னைக் கூப்பிடுவார்கள் என்று கைவேலையை நிறுத்திக் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, தேவையும் இருக்கவில்லை.